இன்வோய்ஸ்ல இருக்கற கேஷ் டிஸ்கவுண்டும் கிரெடிட் டெர்மும்: கோலாலம்பூர்ல வியாபாரம் பண்றவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ செந்தூல்லயோ மஸ்ஜித் இந்தியா பக்கமோ நம்ம ஆளுங்க நடத்துற கடையில பில்லு ஃபைல எடுத்து பாத்தீங்கன்னா எல்லாம் ஒழுங்கா பஞ்ச் பண்ணி அடுக்கி வச்சிருப்பாங்க, தொகைய கூட்டி பாத்திருப்பாங்க, ரெண்டு மூட்டை கொறஞ்சிருந்தா சப்ளையருக்கு போன் போட்டு சத்தம் கூட போட்டிருப்பாங்க. ஆனா தேதிக்கு கீழ ‘டெர்ம்ஸ்’னு சின்னதா ஒரு வரி இருக்குமே, அத மட்டும் யாரும் சரியா படிக்கறதில்ல. கணக்கு எழுதுற வேலையில இருக்கறதால இத தினமும் பாக்கறேன், பாக்கும்போதெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது, ஏன்னா பேங்க்ல ஒரு பர்சென்ட் வட்டி கொறைக்க மூணு தடவ அலையற ஆளு, இந்த வரிய கவனிக்காம விட்டு 37 பர்சென்ட் வட்டிக்கு சமமா காச விட்டுட்டு இருக்காரு. அந்த 37 எங்கருந்து வருதுன்னு கீழ கணக்கு போட்டு காட்டறேன். வாங்கறவங்க பக்கம் முதல்ல, அப்புறம் விக்கிறவங்க பக்கம்.

படி 1: டெர்ம்ஸ் வரிய படிக்கறது

பில்லுல ‘2/10 நெட் 30’ன்னு இருந்தா அர்த்தம் இது தான்: 10 நாளைக்குள்ள கட்டுனா 2 பர்சென்ட் கழிச்சுக்கலாம், இல்லன்னா 30 நாளைக்குள்ள முழு தொகையும் கட்டணும். முதல் நம்பர் பர்சென்ட், ரெண்டாவது டிஸ்கவுண்ட் நாள், கடைசி நம்பர் முழு கெடு. ‘1/7 நெட் 30’னா 7 நாளைக்குள்ள 1 பர்சென்ட். வெறும் ‘நெட் 30’னோ ‘30 டேஸ்’னோ மட்டும் இருந்தா டிஸ்கவுண்ட் கிடையாது, சீக்கிரம் கட்டுனாலும் அதே தொகை தான், ஆனா கேக்கக்கூடாதுன்னு எந்த சட்டமும் இல்ல, அத பத்தி பின்னாடி வரேன்.

இங்க நம்ம ஊர்ல இந்த 2/10 மாதிரி அச்சடிச்சு வர்றது பெரிய கம்பெனி பில்லுல தான் பெரும்பாலும். மொத்த வியாபாரத்துல, செலாயாங் பாசார் போரோங் மாதிரி எடத்துல, வாய் வார்த்தையில தான் பேசிக்குவாங்க: ‘கேஷ்னா இந்த வெல, 30 நாள்னா அந்த வெல’. ரெண்டு வெலைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் தான் உங்களுக்கு கேஷ் டிஸ்கவுண்ட், பேரு எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணு தான். மத்தது: சிஓடின்னா சாமான் எறங்கும்போதே காசு, பில் டு பில்னா அடுத்த லோடு வர்றப்ப போன பில்ல கட்டணும், பிடிசின்னா இனிமே வரப்போற தேதி போட்ட செக்க இப்பவே குடுக்கறது. கோன்ட்ரான்னா நீங்க அவர்கிட்ட வாங்குறீங்க அவரும் உங்ககிட்ட வாங்குறாரு, ரெண்டையும் கழிச்சு மிச்சத்த மட்டும் கட்டறது.

படி 2: நாளை எப்பலருந்து எண்ணணும்

சண்டை வர்றது பெரும்பாலும் இங்க தான். 30 நாள்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டிருப்பாங்க, ஆனா ஒருத்தர் பில் தேதியிலருந்து எண்ணுவாரு, இன்னொருத்தர் சாமான் வந்து டிஓல (டெலிவரி ஆர்டர்ல) சாப், அதாவது முத்திரை, அடிச்ச தேதியிலருந்து எண்ணுவாரு, மூணாவது ஆளு மாசக்கடைசி ஸ்டேட்மென்ட்லருந்து எண்ணுவாரு. மூணுக்கும் நடுவுல ஒரு மாசமே வித்தியாசம் வரும்.

ஒரு பில்ல எடுத்துக்குவோம். மார்ச் 3ஆம் தேதி, 6,000 வெள்ளி, 2/10 நெட் 30. பில் தேதியிலருந்து எண்ணுனா டிஸ்கவுண்ட் மார்ச் 13 வரைக்கும், முழு கெடு ஏப்ரல் 2. அதே பில்லுல ‘இஓஎம்’னு மூணு எழுத்து சேந்திருந்தா எண்ணிக்கை மாசம் முடிஞ்ச பிறகு தான் ஆரம்பிக்கும், அப்ப டிஸ்கவுண்ட் ஏப்ரல் 10 வரைக்கும், கெடு ஏப்ரல் 30. நம்ம ஊர்ல ஸ்டேட்மென்ட் பாத்து கட்டற பழக்கம் ரொம்ப அதிகம், அதுவும் கிட்டத்தட்ட இதே கணக்கு தான்.

இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு, கவனிங்க. நெட் 30 இஓஎம்ல மார்ச் 2ஆம் தேதி எறக்குன சாமானுக்கு 59 நாள் கெடு கிடைக்கும், மார்ச் 29ஆம் தேதி எறக்குனதுக்கு 32 நாள் தான். அதனால பெரிய ஆர்டர மாசக்கடைசியில போடறதுக்கு பதிலா மூணு நாலு நாள் தள்ளி அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி போட்டா கிட்டத்தட்ட ஒரு மாசம் கூடுதல் டைம், அதுக்கு ஒரு காசு செலவு கிடையாது. சரக்கு அவ்ளோ அவசரம் இல்லன்னா இத பழக்கமாவே வச்சுக்கலாம்.

இன்னும் ரெண்டு கேள்விய அக்கவுண்ட் தெறக்கறப்பவே கேட்டு வச்சுக்கங்க. கடைசி நாள் ஞாயித்துக்கிழமையிலயோ ஹரி ராயா, சீனப்புத்தாண்டு லீவுலயோ விழுந்தா அடுத்த வேலை நாள் ஓகேவா? செக் குடுத்தா குடுத்த நாள் கணக்கா, காசு ஏறுன நாள் கணக்கா? டுவிட்நவ்ல, அதாவது போன்லயே பண்ற பேங்க் டிரான்ஸ்ஃபர்ல, போட்டா உடனே ஏறிடும், பிரச்சினை இல்ல, செக்னா தான் இந்த தகராறு. பதிலை வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிக்கங்க, போன்ல சொன்னத ஆறு மாசம் கழிச்சு யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க.

படி 3: எந்த தொகையில கழிக்கணும்

ட்ரேட் டிஸ்கவுண்ட் வேற, கேஷ் டிஸ்கவுண்ட் வேற. ட்ரேட் டிஸ்கவுண்ட் நீங்க கடைக்காரர்ங்கறதுக்காக, இல்ல நெறைய எடுக்கறதுக்காக பில்லு போடும்போதே வெலைய கொறைக்கறது, எப்ப கட்டுனாலும் அது உங்களுக்கு உண்டு. கேஷ் டிஸ்கவுண்ட் கெடுக்குள்ள கட்டுனா மட்டும் தான். ட்ரேட் டிஸ்கவுண்ட முதல்ல கழிச்சு, திருப்பி அனுப்புன சாமானையும் கழிச்சு, மிச்சம் இருக்கற சரக்கு தொகைக்கு தான் கேஷ் டிஸ்கவுண்ட்.

லிஸ்ட் வெல 5,000 வெள்ளி, ட்ரேட் டிஸ்கவுண்ட் 10 பர்சென்ட் போனா 4,500. ஒடஞ்ச சாமான் 300 திருப்பிட்டீங்க, 4,200. லோரி கூலி தனியா 80. 2 பர்சென்ட் 4,200க்கு மட்டும், அதாவது 84. நீங்க கட்ட வேண்டியது 4,116 கூட்டல் 80, மொத்தம் 4,196. லோரி கூலியில டிஸ்கவுண்ட் கழிச்சா சப்ளையர் ஸ்டேட்மென்ட்ல 1 வெள்ளி 60 காசு பாக்கின்னு தொங்கிக்கிட்டே இருக்கும், அத துரத்த அவங்க ஆபீஸ்லருந்து மாசா மாசம் போன் வரும். பில்லுல டாக்ஸ் இருந்தா அதையும் தானா கழிக்காதீங்க, எப்படி கழிக்கறாங்கன்னு கேட்டுட்டு செய்ங்க.

முழுசா கட்ட முடியலன்னா பாதி கட்டி பாதிக்கு டிஸ்கவுண்ட் கேக்கலாம், நெறைய சப்ளையர் ஒத்துக்குவாங்க. கணக்கு இப்படி: 2,940 கட்டுனா 3,000 வெள்ளி கடன் கழியும், ஏன்னா 2,940ஐ 0.98ஆல வகுத்தா 3,000. முன்கூட்டியே பேசிட்டு செய்ங்க.

படி 4: எடுக்கலாமா, விடலாமா

இப்ப அந்த 37 பர்சென்ட். 6,000 வெள்ளி பில்லுக்கு 10ஆம் நாள் கட்டுனா 5,880. 30ஆம் நாள் கட்டுனா 6,000. அப்ப 5,880 வெள்ளிய கூடுதலா 20 நாள் கையில வச்சிருக்கறதுக்கு 120 வெள்ளி குடுக்கறீங்க. நிறைய பேரு ‘2 பர்சென்ட் தானே’ன்னு விட்டுடறது எதுனாலன்னா அத ஒரு வருஷத்து வட்டியோட ஒப்பிட்டு பாக்கறதில்ல. 120ஐ 5,880ஆல வகுங்க, 2.04 பர்சென்ட் வரும், அது 20 நாளுக்கு. வருஷத்துல அந்த மாதிரி 20 நாள் 18.25 தடவ இருக்கு. பெருக்குனா 37.2 பர்சென்ட். கூட்டு வட்டியா போட்டா 44ஐயும் தாண்டும். இந்த வட்டிக்கு எந்த ஆளாவது கடன் வாங்குவானா சொல்லுங்க?

சூத்திரமா வேணும்னா: டிஸ்கவுண்ட் பர்சென்ட்ட, 100லருந்து அந்த பர்சென்ட்ட கழிச்சு வர்றதால வகுத்து, 365ஆல பெருக்கி, கெடு நாளுக்கும் டிஸ்கவுண்ட் நாளுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுக்கணும். போன் கால்குலேட்டர் போதும். 1/10 நெட் 30க்கு 18.4 பர்சென்ட் வரும். 1/7 நெட் 30க்கு 16. 2/10 நெட் 60க்கு 14.9 தான், ஏன்னா 50 நாள் கூடுதலா கிடைக்குது. 7 நாளைக்குள்ள அரை பர்சென்ட், 14 நாள் கெடுன்னு வந்தா பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், கணக்கு போட்டா 26.2 பர்சென்ட். நாள் வித்தியாசம் கொறைய கொறைய சின்ன பர்சென்ட் கூட பெருசாயிடும், அதனால பர்சென்ட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

அடுத்து உங்க காசோட வெலைய பாருங்க. பேங்க்ல ஓவர்டிராஃப்ட் இருக்கு, வட்டி 8 பர்சென்ட்னு வச்சுக்குவோம். அதுலருந்து 5,880 எடுத்து 20 நாள் வச்சிருந்தா வட்டி சுமார் 26 வெள்ளி. டிஸ்கவுண்ட் 120. கடன் வாங்கி கட்டுனாலும் 94 வெள்ளி மிச்சம். மாசத்துக்கு இந்த மாதிரி அஞ்சு பில்லு வந்தா 470 வெள்ளி, சின்ன கடைக்கு அது கரண்ட் பில்லு.

ஆனா எல்லா நேரமும் எடுங்கன்னு சொல்ல மாட்டேன். கையில இருக்கற காச இதுல போட்டுட்டு 7ஆம் தேதி ஆளுங்களுக்கு சம்பளம் குடுக்க முடியலன்னா, இபிஎஃப் கட்ட முடியலன்னா டிஸ்கவுண்ட் பிரயோஜனம் இல்ல. ஓவர்டிராஃப்ட்டும் இல்லாம, ஆளுங்க தெருவுல நீட்டற அட்டை பாத்து ஆ லோங்கிட்ட (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரங்ககிட்ட) வாங்கி டிஸ்கவுண்ட் எடுக்கறதெல்லாம் பேச்சுக்கே எடம் இல்ல. முதல்ல சம்பளம், அப்புறம் கவர்மெண்ட்டுக்கு கட்ட வேண்டியது, அதுக்கு பிறகு டிஸ்கவுண்ட் பில்லு, அதுலயும் மேல சொன்ன கணக்குல எது அதிக பர்சென்ட்டோ அது முதல்ல.

டிஸ்கவுண்ட விட்டுட்டீங்கன்னா 11ஆம் நாள் கட்டறதுல ஒரு லாபமும் கிடையாது, 30ஆம் நாள் வரைக்கும் காச கையிலயே வச்சுக்கங்க. அப்புறம் ஒரு பக்கம் ‘60 நாள் இழுத்தடிச்சா வட்டி கணக்கு 15 பர்சென்ட்டா கொறையுதே’ன்னு சிலர் யோசிப்பாங்க, கணக்கு சரி தான், ஆனா அது அடுத்தவன் காச அவனுக்கு சொல்லாம வச்சுக்கறது. சப்ளையர் அத மறக்க மாட்டாரு, சரக்கு தட்டுப்பாடு வர்றப்ப லோரி உங்க கடைய தாண்டி போயிடும், யாரு எப்படி கடன் கட்டறாங்கன்னு விவரம் சேத்து வைக்கற சிடிஓஎஸ்ல ட்ரேட் ரெஃபரன்ஸ் போட்டாங்கன்னா பேங்க்ல லோன் கேக்கறப்ப தெரியும்.

படி 5: கேட்டு வாங்கறது

பில்லுல டிஸ்கவுண்ட் இல்லன்னாலும் கேளுங்க. எப்பவும் தேதி தவறாம கட்டற கடைக்கு இதுல நல்ல மரியாதை. ‘அண்ணே, மாசம் பத்தாயிரம் வெள்ளிக்கு எடுக்கறேன், ஒரு தடவ கூட லேட் பண்ணதில்ல, பில்லு வந்து ஒரு வாரத்துல டிரான்ஸ்ஃபர் பண்ணிடறேன், ஒன்றரை பர்சென்ட் கொறைச்சுக்குங்க’ன்னு நேரா கேக்கலாம். டவுக்கே, அதாவது முதலாளி, ஒத்துக்கலன்னா பர்சென்ட்டுக்கு பதிலா நாள கேளுங்க. தீபாவளி சீசனுக்கு சரக்கு எறக்கறப்ப இது இன்னும் முக்கியம், முறுக்கு மாவு, நெய், துணி எல்லாம் ரெண்டு மாசம் முன்னாடியே வந்துடும், காசு வர்றது கடைசி ரெண்டு வாரத்துல. அந்த லோடுக்கு மட்டும் கெடு தீபாவளிக்கு பிறகுன்னு தனியா பேசி, அந்த பில்லுலயே எழுதி வாங்கிடுங்க.

கட்டற அன்னிக்கு ஒரு போன் போடுங்க. ‘தங்கச்சி, அந்த மூணாந்தேதி பில்லு, 5,880 இப்ப போட்டுட்டேன், டிஸ்கவுண்ட் 120 கழிச்சாச்சு, ரிசிட்ல முழுசா செட்டில்னு எழுதி அனுப்பிடுமா’. டிரான்ஸ்ஃபர் பண்றப்ப ரெஃபரன்ஸ்ல பில் நம்பர் போடுங்க. இத செஞ்சா மாசக்கடைசி ஸ்டேட்மென்ட்ல 120 வெள்ளி பாக்கி நிக்காது.

படி 6: விக்கிறவங்க பக்கம்

இப்ப நீங்களே சப்ளையர்னா யோசனை தலைகீழ். வாங்கறவனுக்கு 37 பர்சென்ட் லாபம்னா அத குடுக்கறது நீங்க. மாசம் 40,000 வெள்ளிக்கு கடனுக்கு விக்கிறீங்க, எல்லாரும் 2/10 எடுத்துக்கிட்டாங்கன்னா மாசம் 800 போகுது, வருஷத்துக்கு 9,600. பதிலுக்கு 39,200 வெள்ளி 20 நாள் முன்னாடி வருது, 8 பர்சென்ட் ஓவர்டிராஃப்ட்ல அது மிச்சம் பண்ற வட்டி 172 வெள்ளி தான். 800 குடுத்து 172 வாங்கறீங்க. வட்டி கணக்குல மட்டும் பாத்தா, டிஸ்கவுண்ட் இல்லாட்டி வந்திருக்க வேண்டிய நாளுக்கு 93 நாள் முன்னாடியாவது காசு வந்தா தான் இது சமமாகும்.

மளிகை மாதிரி 12 பர்சென்ட் மார்ஜின்ல ஓடற வியாபாரத்துல 2 பர்சென்ட்ங்கறது மொத்த லாபத்துல ஆறுல ஒரு பங்கு. அதனால என் கருத்து, மார்ஜின் கம்மியா இருக்கறவங்க எல்லாருக்கும் 2/10 அச்சடிச்சு வைக்காதீங்க. எப்படியும் 10 நாள்ல கட்டற நல்ல கஸ்டமரு தான் முதல்ல அத எடுப்பாரு, இழுத்தடிக்கறவரு அப்பவும் இழுத்தடிப்பாரு.

எப்ப குடுக்கலாம்? உங்க சொந்த சப்ளையர்கிட்ட 2/10 எடுக்க காசு பத்தலன்னா. பேங்க் கடன் கிடைக்காத புது வியாபாரம்னா. 90, 100 நாள் ஆகற கஸ்டமர தேதிக்கு கொண்டு வர முடியும்னா, காசு மூழ்கற பயம் இருந்தா. மூழ்குனா எவ்ளோ வலின்னா, 12 பர்சென்ட் மார்ஜின்ல 6,000 வெள்ளி போச்சுன்னா அத திருப்பி சம்பாதிக்க 50,000 வெள்ளிக்கு விக்கணும். அதுக்கு முன்னாடி 1/7 வச்சு பாருங்க, அரை பர்சென்ட் வச்சு பாருங்க.

குடுத்தா கண்டிப்பா இருங்க. 25ஆம் நாள் கட்டிட்டு 2 பர்சென்ட்ட கழிச்சு அனுப்பற ஆளு எல்லா ஊர்லயும் இருக்காரு. முதல் தடவையே அன்னிக்கே போன் போட்டு ‘போஸ், டிஸ்கவுண்ட் 13ஆம் தேதியோட முடிஞ்சிருச்சு, 120 பாக்கி’ன்னு மரியாதையா சொல்லிடுங்க, ஒரு தடவ விட்டா அது வழக்கமாயிடும். பில்லுல 2/10 மட்டும் போடாம ‘மார்ச் 13க்குள்ள கட்டுனா 5,880, ஏப்ரல் 2க்குள்ள 6,000’ன்னு தேதியும் தொகையும் எழுதுங்க, பாதி வாக்குவாதம் அதோட போயிடும்.

லேட் ஆனா வட்டின்னு மாசம் 1.5 பர்சென்ட் நெறைய பில்லுல பாத்திருப்பீங்க, வருஷத்துக்கு 18. பில்லுக்கு பின்னாடி அச்சடிச்சா மட்டும் பலம் இல்ல, அக்கவுண்ட் தெறக்கற ஃபார்ம்லயோ கொட்டேஷன்லயோ கஸ்டமர் கையெழுத்து போட்ட எடத்துல அது இருக்கணும். அதே ஃபார்ம்ல கிரெடிட் லிமிட் எவ்ளோ, நாள் எப்பலருந்துன்னு எழுதிடுங்க, செண்டிரியான் பெர்ஹாட்னா (பிரைவேட் லிமிடெட் கம்பெனின்னா) டைரக்டரோட தனிப்பட்ட கேரண்டியும் கேளுங்க.

படி 7: கணக்கு, இ-இன்வோய்ஸ், டாக்ஸ்

வாங்கறவங்க புக்ல: பில்லு வர்றப்ப 6,000 கொள்முதல், கட்டறப்ப சப்ளையர் கணக்குல 6,000 கழியும், பேங்க்லருந்து 5,880 போகும், 120 டிஸ்கவுண்ட் ரிசீவ்ட். விக்கிறவங்களுக்கு அது டிஸ்கவுண்ட் அலவ்ட். ட்ரேட் டிஸ்கவுண்ட் புக்லயே வராது, கொறைச்ச வெல தான் வரும். ஆடிட் ஆகற கம்பெனின்னா வருமானத்துல எப்படி காட்டறதுன்னு அக்கவுண்டன்ட்டுகிட்ட கேட்டுக்கங்க.

இ-இன்வோய்ஸ், அதாவது வருமான வரி இலாகாவோட சிஸ்டம் வழியா போடற பில்லு, 2024 ஆகஸ்ட் 1ல பெரிய கம்பெனிங்களுக்கு ஆரம்பிச்சு படிப்படியா சின்ன கம்பெனிங்களுக்கும் வந்துடுச்சு, வருஷத்துக்கு ஒரு மில்லியன் வெள்ளிக்கு கீழ விக்கிறவங்களுக்கு விலக்கு இருக்கு. நீங்க அதுக்குள்ள வந்துட்டீங்கன்னா ஒண்ணு ஞாபகம் வைங்க: அனுப்புன இ-இன்வோய்ஸ கேன்சல் பண்ண 72 மணி நேரம் தான். டிஸ்கவுண்ட் எடுக்கறது பெரும்பாலும் அதுக்கு பிறகு தான் நடக்கும், அதனால பழைய பில்ல தொடாம 120 வெள்ளிக்கு கிரெடிட் நோட் இ-இன்வோய்ஸ் போடணும்.

சேவை வரி கட்டற தொழில்னா கிரெடிட் டெர்ம் உங்கள இன்னொரு வழியிலயும் தொடும். 2024 மார்ச் 1லருந்து பெரும்பாலான சேவைக்கு 8 பர்சென்ட், சாப்பாட்டு கடை, டெலிகாம், பார்க்கிங், லாஜிஸ்டிக்ஸ் மாதிரி சிலதுக்கு 6. கஸ்டமர் காசு குடுத்தப்ப தான் அந்த வரிய கணக்குல கொண்டு வரணும், ஆனா பில்லு தேதியிலருந்து 12 மாசம் ஆயிட்டா காசு வராட்டியும் நீங்க கட்டியாகணும். அதனால 10, 11 மாசம் ஆன பில்லெல்லாம் தனியா ஒரு லிஸ்ட் போட்டு வைங்க.

படி 8: கெடு தாண்டியும் காசு வரலன்னா

மாசம் ஒரு தடவ ஏஜிங் லிஸ்ட் எடுங்க: 30 நாளுக்குள்ள, 60, 90, அதுக்கு மேல. 60 தாண்டுனவருக்கு புது சரக்க சிஓடியா மாத்துங்க, அவரோட பழைய கடனுக்கு தவணை பேசுங்க. செக் திரும்புச்சுன்னா அத பத்திரமா வைங்க, பேங்க் குறிச்சு அனுப்பற ஸ்லிப்போட சேத்து.

கட்டுமான வேலையில சப்-கான்ட்ராக்ட் எடுக்கறவங்களுக்கு தனி சட்டமே இருக்கு, 2014 ஏப்ரல் 15ல அமலுக்கு வந்த சிபா, அதாவது 2012ஆம் வருஷத்து கட்டுமான பணம் செலுத்துதல், தீர்ப்பாய்வு சட்டம். ‘மேல இருந்து காசு வந்தா தான் உனக்கு’ங்கற நிபந்தனை அதுல செல்லாது. ஒப்பந்தத்துல கெடு எதுவும் எழுதலன்னா பில்லு அவங்க கைக்கு கிடைச்சு 30 நாள். எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும், அதனால சின்ன வேலைன்னாலும் ஒரு ஒர்க் ஆர்டர் வாங்காம ஆளுங்கள எறக்காதீங்க.

மத்த வியாபாரத்துல முதல்ல வக்கீல் மூலமா டிமாண்ட் லெட்டர், அதுக்கே பாதி பேரு கட்டிடுவாங்க. தனி ஆளா வியாபாரம் பண்றவங்க 5,000 வெள்ளி வரைக்கும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு போடலாம், 1 லட்சம் வரைக்கும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டு, அதுக்கு மேல ஒரு மில்லியன் வரைக்கும் செஷன்ஸ். தீபகற்பத்துல கடனுக்கு வழக்கு போட 6 வருஷம் டைம். பாக்கி இருக்குன்னு எழுத்துல ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டாலோ ஒரு பகுதி கட்டுனாலோ அந்த 6 வருஷம் அன்னிலருந்து புதுசா எண்ண ஆரம்பிக்கும், அதனால இழுத்தடிக்கற கஸ்டமர் 200 வெள்ளி தரேன்னு வந்தாலும் வாங்கி, எந்த பில்லுக்குன்னு ரிசிட்ல எழுதி, மிச்சம் எவ்ளோன்னு போட்டு, அவர் கையெழுத்தும் கம்பெனி சாப்பும் வாங்கி வைங்க.